சுபாவமும் சம்பளமும்

மார்ச் மாதம் பிறந்துவிட்டால் சென்னையின் பெரிய ஹோட்டல்களில் ஏதேனும் ஒரு கூடத்திலாவது பெண்களைப் பாராட்டும் விழா நடவாத மாலை அபூர்வம் என்று சொல்லும்படி ஆகிவிட்டது. அப்படிப்பட்ட விழா ஒன்றுக்கு, மக்கள் தொடர்புத் துறையில் சாதனை புரிந்த பெண்மணிகளுக்கு விருது வழங்கும் வைபவம் என்று அழைப்பிதழில் கண்டிருந்தமையால், நானும் போயிருந்தேன். விருதுகளைக் குறித்து எனக்கு ஆட்சேபம் ஒன்றுமில்லை. பெற்றவர்கள் பெறத் தக்கவர்களே. விருதை வழங்க வந்திருந்த ஸ்தாபனத் தலைவர் ஒருவர் ஆற்றிய உரைதான் என்னை இதை எழுதத் தூண்டியது. பொறுமை பெண்ணுக்குச் சுபாவம், புன்னகை சுபாவம், பிறர் மனம் அறிந்து பேசுவது சுபாவம், ஆகையால் மக்கள் தொடர்பு என்பது இயற்கையே பெண்களுக்கென்று ஏற்படுத்தி வைத்த உத்தியோகம் என்று அவர் கால் மணி நேரம் பேசினார். கூடம் முழுவதும் கை தட்டியது.

எனக்குக் கிடைத்த நாற்காலி மேடைக்குப் பக்கவாட்டில் இருந்தது. அங்கே தூணோரமாக, கழுத்தில் அடையாள அட்டையும் கையில் இரண்டு செல்போன்களுமாக நின்றிருந்த, முப்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண்மணி, தலைவர் பேசப் பேசத் தாமும் உதடுகளை அசைத்துக்கொண்டிருந்தார். முதலில் ஏதோ ஜபம் செய்கிறார் என்றே எண்ணினேன். தலைவர் ஒரு வாக்கியத்தைப் பாதியில் விழுங்கிவிட்டு அடுத்த வரிக்குத் தாவியபோது அந்த அம்மாளின் முகம் சட்டென்று சுருங்கியதைக் கண்ட பிறகுதான் உரை யாருடையது என்பது விளங்கிற்று. மேடையை விட்டு இறங்கியதும் தலைவர் அவரிடம் நீட்டிய தாள்களையும் பார்த்தேன்: பெரிய எழுத்தில் அச்சிட்டு, மூச்சு விட வேண்டிய இடங்களில் பென்சிலால் சாய்கோடு இழுத்து, நாக்கு இடறக்கூடிய பெயர்களை அசை பிரித்து எழுதியிருந்தது. பெண்களின் சுபாவத்தை வானளாவப் புகழ்ந்த அந்தப் பிரசங்கத்தில், ஒருவருடைய மூச்சின் நீளத்தை அளந்து அதற்கேற்ப வாக்கியம் அமைத்துத் தரும் வித்தையைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. எழுதியவரே ஏன் அதைச் சேர்க்கவில்லை என்று கேட்கலாம். எஜமானர் எதைச் சொல்ல விரும்புவார் என்று அறிந்து எழுதுவதும் அந்த வித்தையில் அடக்கம் அல்லவா?

இத்தொழில் பெண்களுக்குச் செய்த நன்மைகளை நான் மறுக்கவில்லை. மற்றப் பல உத்தியோகங்கள் கதவைத் தாழிட்டிருந்த காலத்தில் இது ஓரளவேனும் திறந்து வைத்தது. மொழியில் தேர்ச்சி பெற்ற ஒரு பெண், பெரிய குடும்பமும் பெரிய சிபாரிசும் இல்லாமலே, கௌரவமான சம்பளத்தில் அமர இது வழி செய்தது. தமக்கென்று சொந்த ஸ்தாபனங்களை நிறுவி நடத்தும் பெண்மணிகளும் இன்று இருக்கிறார்கள். அமெரிக்காவில் 1970-ஐ ஒட்டி இத்தொழிலில் கால் பங்கு அளவே இருந்த பெண்கள், எண்பதுகளின் நடுவில் பாதியைத் தாண்டி, இப்போது ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினராக இருக்கிறார்கள் என்பதும் அற்ப விஷயம் அன்று. இவ்வளவையும் ஒப்புக்கொண்டு, நெடுங்காலமாக என் மனத்தில் உறுத்திக்கொண்டிருக்கும் ஒன்றுக்கு வருகிறேன்.

சுபாவம் என்ற அந்தச் சொல்தான் அது. தண்ணீர் பள்ளத்தை நோக்கிப் பாய்வதற்கு யாரும் கூலி கொடுப்பதில்லை. பாய்வது அதன் சுபாவம். ஒருவர் பல வருஷம் முயன்று, தவறிப் பழகிக் கைவரப் பெற்ற ஒன்றை, இது உனக்குப் பிறவியிலேயே வாய்த்தது என்று சொல்லிவிட்டால், கேட்பவருக்கு அது ஸ்துதியாகவே ஒலிக்கும். ஆனால் சம்பளக் கணக்கு எழுதும் இடத்தில் அந்த ஸ்துதி பிடித்தமாக மாறி நிற்கும். கற்றது என்றால் விலை உண்டு, பதவி உயர்வு உண்டு, ஆலோசனைக் கூட்டத்தில் ஒரு நாற்காலி உண்டு. பிறவிக் குணம் என்றால் ஒரு பூச்செண்டு உண்டு. இது என்னுடைய வெறும் குதர்க்கம் என்று நினைப்பவர்கள், சென்னைப் பட்டணத்திலேயே ‘மக்கள் தொடர்பு’ என்று எழுதிய மூன்று வாசல்களுக்கு என்னோடு வந்து பார்க்கட்டும்.

முதல் வாசல் தனியார் ஆஸ்பத்திரி. பதிவு செய்யும் இடத்தைத் தாண்டியதும் ஒரு மேஜை. அதன் பின்னே சீருடைப் புடவையில் ஒரு பெண். நோயாளிகளும் காவலாளியும் அவரை ‘பி.ஆர்.ஓ. மேடம்’ என்பார்கள். காப்பீட்டுக் கம்பெனியிலிருந்து அனுமதி வரவில்லை என்று ஆத்திரப்படுகிறவரை அமர்த்துவதும், பில் தொகையைக் கண்டு மலைத்து நிற்கும் மகனுக்கு வரிவரியாக விளக்குவதும், தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு வெளியே அழுகிறவர்களுக்குத் தண்ணீர் கொடுத்து உட்கார வைப்பதும் அவர் வேலை. அந்த மேஜையில் பெரும்பாலும் பெண்களையே அமர்த்துகிறார்கள். காரணம் கேட்டால் சுபாவம் என்பார்கள்.

இரண்டாவது வாசல் கோடம்பாக்கம். 1958-இல் ‘நாடோடி மன்னன்’ படத்தின் வாயிலாக பிலிம் நியூஸ் ஆனந்தன் தமிழ்த் திரையுலகின் முதல் பி.ஆர்.ஓ. ஆனார் என்பது யாவரும் அறிந்த சரித்திரம். அன்று தொடங்கி இன்றுவரை படங்களின் எழுத்து வரிசையில் ‘மக்கள் தொடர்பு’ என்பதன் எதிரே வரும் பெயர்களைப் படித்துக்கொண்டே போனால், பெண் பெயர் ஒன்று தென்படுவது அரிது. அங்கே செய்ய வேண்டியது என்ன? கோபித்துக்கொண்டு போன நடிகரைச் சமாதானப்படுத்த வேண்டும். எந்த நிருபர் எதற்கு முகம் சுளிப்பார், எவருக்கு எந்த வரிசையில் ஆசனம் போட வேண்டும் என்பதை நினைவில் வைத்திருக்க வேண்டும். நள்ளிரவில் தயாரிப்பாளர் போனில் புலம்பினால் பொறுமையோடு கேட்க வேண்டும். படம் படுத்துவிட்ட மறுநாளும் புன்னகை மாறாமல் இருக்க வேண்டும். பொறுமை, புன்னகை, பிறர் மனம் அறிதல் என்று அன்று மாலை அந்தத் தலைவர் பட்டியலிட்ட குணங்களில் ஒன்றாவது இதில் குறைகிறதா? ஆயினும் இங்கே அவற்றைச் சுபாவம் என்று எவரும் அழைப்பதில்லை. செல்வாக்கு என்கிறார்கள், அனுபவம் என்கிறார்கள், ‘அவருக்கு எல்லாரையும் தெரியும்’ என்று மரியாதையோடு குரலைத் தாழ்த்திச் சொல்கிறார்கள்.

மூன்றாவது வாசல் அரசாங்கத்தின் செய்தி மக்கள் தொடர்புத் துறை. உதவி மக்கள் தொடர்பு அலுவலராக வருகிறவர் பெண்ணாயினும் ஆணாயினும் ஊதிய விகிதம் ஒன்றே. அமைச்சர் சுற்றுப்பயணத்துக்கு நிருபர்களுக்கு வேன் ஏற்பாடு செய்வதும், மாலைக்குள் செய்திக் குறிப்பும் படமும் போய்ச் சேரச் செய்வதும் இருவருக்கும் ஒன்றே. இங்கே பெண்ணின் சுபாவத்தைப் பற்றி ஒருவரும் பேசி நான் கேட்டதில்லை. சம்பளத்தை ஏற்றவோ இறக்கவோ எவருக்கும் இடமில்லாத இடத்தில் இயற்கையும் வாயை மூடிக்கொள்கிறது போலும்.

ஆஸ்பத்திரி மேஜைக்கும் சினிமா விளம்பரத்துக்கும் பெயர் ஒன்றே தவிரத் தொழில் வேறு என்று சொல்லக்கூடும். வேறுதான். ஆனால் இரண்டிலும் வேண்டிய குணங்கள் வேறல்ல என்பதுதான் என் வாதம். வேறாக இருப்பது அக்குணங்களுக்கு ஏற்பட்ட பெயரும், பெயரைத் தொடர்ந்து வரும் ஊதியமும், முடிவு செய்யும் அதிகாரமும்.

இது நம் ஊரில் முளைத்த விவகாரமும் அன்று. இத்தொழிலின் பிதா என்று பாடப் புத்தகங்கள் கொண்டாடும் எட்வர்டு பெர்னேஸ், 1891-இல் வியன்னாவில் பிறந்து நியூயார்க்கில் வளர்ந்தவர், மனோதத்துவ அறிஞர் ஃப்ராய்டின் சகோதரியின் மகன். அவர் 1919-இல் தொடங்கிய அலுவலகத்தில் எழுத்துப் பணிக்கென்று முதலிலேயே அமர்ந்தவர்களில் ஒருவர் டோரிஸ் ஃபிளைஷ்மன். பத்திரிகையில் பழகிய கை. அடுத்த வருஷமே, கறுப்பின மக்களின் உரிமைக்காகப் பாடுபட்ட தேசியச் சங்கம் நிறவெறி தாண்டவமாடிய தென்பகுதியில், அட்லாண்டா நகரில் மாநாடு கூட்டியபோது, மாநாட்டுக்கு முன்னதாகவே அங்கே போய் ஊர்ப் பெரியவர்களையும் பத்திரிகைக்காரர்களையும் கண்டு பேசி வழி ஏற்படுத்தியவர் இந்தப் பெண்மணிதான். 1922-இல் இருவருக்கும் கல்யாணம் ஆயிற்று. அன்று இரவே வால்டார்ஃப் அஸ்டோரியா ஹோட்டலின் பதிவேட்டில் டோரிஸ் தம் பிறந்த வீட்டுப் பெயரையே எழுதினார். அது பத்திரிகைகளில் பெரிய செய்தியாயிற்று. மணமகன் யார் என்பதை நினைத்தால், ஆகாமல் போயிருந்தால்தான் வியப்பு. 1925-இல் அதே பெயரில் பாஸ்போர்ட்டும் பெற்றார்.

பெயருக்காக இவ்வளவு போராடிய அவருடைய பெயர், அவர் ஆயுள் முழுவதும் உழைத்த அலுவலகத்தின் வாசற்பலகையில் ஏறவில்லை என்பதைத்தான் நான் திரும்பத் திரும்ப எண்ணிப் பார்க்கிறேன். தாங்கள் சரிபாதிப் பங்காளிகள் என்று பெர்னேஸே பல முறை சொன்னார், அதை மறைக்கவில்லை. ஆனால் பலகையில் இருந்தது எட்வர்டு எல். பெர்னேஸ் என்ற பெயர் மட்டுமே. வாடிக்கையாளரோடு பேசும் கூட்டங்களிலிருந்து டோரிஸ் ஒதுங்கியே இருந்தார். யோசனை ஒரு பெண்ணிடமிருந்து வந்தது என்று தெரிந்தால், யோசனையை விட்டுவிட்டுப் பெண்ணை எடைபோடத் தொடங்குவார்கள் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. பெண்களுக்கு ஏற்ற தொழில்களைப் பற்றி 1928-இல் அவர் தொகுத்த நூல் ஒன்று உண்டு. புதிதாகத் தோன்றிய இத்தொழிலில் பெண்ணை விலக்கும் சம்பிரதாயம் இன்னும் வேரூன்றவில்லை என்ற நம்பிக்கை அவருக்கு இருந்தது. அந்த நம்பிக்கையோடு எழுதியவரே கூட்டம் நடக்கும் அறைக்கு வெளியே அமர்ந்திருந்தார் என்பதைவிட அந்தத் தொழிலைப் பற்றிய கசப்பான விமரிசனம் வேறென்ன வேண்டும்?

மக்கள் தொடர்பு என்பதே மறைந்து நின்று செய்யும் தொழில், ஆணும் அதில் மறைந்துதானே நிற்கிறான் என்று சமாதானம் கூறுவோர் உண்டு. அவன் வாடிக்கையாளருக்குப் பின்னால் மறைந்து நிற்கிறான். அவளோ அவனுக்கும் பின்னால் நிற்கிறாள். முதல் திரை தொழிலின் தர்மம். இரண்டாவதைத் தொங்கவிட்டது எந்த தர்மம்?

அதே அலுவலகம் ஒரு பெண்ணை முன்னால் நிறுத்திய கதையும் கேட்கத் தக்கது. 1929-ஆம் வருஷம் மார்ச் 31, ஈஸ்டர் ஞாயிறு. பெண்கள் தெருவில் சிகரெட் குடிப்பது அநாகரிகம் என்று கருதப்பட்ட அந்நாளில், லக்கி ஸ்டிரைக் சிகரெட்டை விற்ற அமெரிக்கன் டொபாக்கோ கம்பெனிக்காக, நியூயார்க்கின் ஐந்தாவது அவென்யூ ஊர்வலத்தில் இளம்பெண்கள் சிலர் சிகரெட்டைக் கொளுத்திக்கொண்டு நடக்கும்படி பெர்னேஸ் ஏற்பாடு செய்தார். சிகரெட்டுக்கு ‘சுதந்திர தீபங்கள்’ என்று பெயரும் சூட்டியாயிற்று. அந்த நடையினால் விற்பனை எவ்வளவு ஏறிற்று என்பதைப் பற்றிய கீர்த்தி பெரும்பாலும் அவர் தாமே சொல்லிப் பரப்பியது, அது கிடக்கட்டும். அழைப்புத் தந்தியின் கீழே இருந்த கையெழுத்துதான் எனக்கு முக்கியம். அது பெர்த்தா ஹன்ட் என்பவருடையது, பெர்னேஸின் காரியதரிசி. பெண் விடுதலையில் அக்கறை கொண்ட ஒரு பெண் தன் சொந்த ஊக்கத்தால் பெண்களைக் கூப்பிடுகிறாள் என்று உலகம் நம்ப வேண்டியிருந்தது. சிகரெட்டுக் கம்பெனியின் பெயரை எங்கும் காணோம். ஆக, விற்க வேண்டிய முகம் பெண்முகமாக இருந்தபோது காரியதரிசியும் தலைவியானாள். ஆலோசனைக் கட்டணம் வாங்குமிடத்தில் சரிபாதிப் பங்காளியும் இருக்குமிடம் தெரியவில்லை.

சுபாவம் இடத்துக்கு இடம் மாறுவது போலவே காலத்துக்குக் காலமும் மாறுவது. 1950-இல் மியூரியல் ஃபாக்ஸ் என்ற இளம்பெண் அந்நாளின் பெரிய ஸ்தாபனமான கார்ல் பையருக்கு வேலை தேடிப் போனபோது, எழுதும் வேலைக்குப் பெண்களை எடுப்பதில்லை என்று சொல்லி அனுப்பினார்கள். பிறகு அங்கேயே வேறு பிரிவில் நுழைந்து துணைத் தலைவராக உயர்ந்து, 1966-இல் அமெரிக்கப் பெண்களின் தேசிய அமைப்பைத் தோற்றுவித்தவர்களில் ஒருவராகவும் ஆகி, அதன் பத்திரிகைப் பணியையும் தாமே நடத்தினார். 1947-இல் பிறந்த அமெரிக்க மக்கள் தொடர்புச் சங்கத்துக்கு முதல் பெண் தலைவராக பெட்ஸி பிளாங்க் வந்தது 1973-இல். இத்தொழில் பெண்ணின் பிறவிக் குணத்துக்கே உரியது என்றால், கால் நூற்றாண்டு காலம் அக்குணம் எந்தப் பெட்டியில் பூட்டிக் கிடந்தது என்று யாராவது சொல்ல வேண்டும்.

அறிஞர்கள் இதை அறியாதவர்கள் அல்லர். எழுபதுகளின் இறுதியில் கிளென் புரூம் என்பவரும், பின்னர் அவரோடு டேவிட் டோஸியரும், இத்தொழிலில் இருப்பவர்கள் உண்மையில் என்ன செய்கிறார்கள் என்று கேட்டு ஆராய்ந்தபோது, திட்டமிட்டு முடிவெடுக்கும் நிர்வாகி, எழுதி அச்சிட்டு அனுப்பும் கைவினையாளர் என்று இரண்டு பாத்திரங்கள் துலங்கின; பெண்கள் இரண்டாவதிலேயே அதிகம் இருந்தார்கள், அதற்குச் சம்பளமும் குறைவு. 1986-இல் வெளிவந்த மற்றோர் ஆராய்ச்சி இதற்கு ‘வெல்வெட் கெட்டோ’ என்று பெயர் வைத்தது: மெத்தென்ற துணி விரித்த ஒதுக்கிடம். நல்ல பெயர்தான். ஆனால் பெண்கள் அங்கேயே நின்றுவிடுவதற்கு அவர்கள் வளர்க்கப்பட்ட விதமும் ஒரு காரணம் என்று அந்த ஆராய்ச்சியும் பெண்களின் மீதே ஒரு விரலை நீட்டியது. சிறைக்குள் இருப்பவருக்கு உட்கார்ந்து பழகிவிட்டது என்று எழுதி வைப்பதற்கு இது ஒப்பாகும்.

இதைக் காட்டிலும் என்னைச் சங்கடப்படுத்துவது பிற்காலத்தில் லாரிஸா குருனிக், எலிசபெத் டோத், லிண்டா ஹான் ஆகிய மூவரும் பெண்கள் சார்பிலேயே எடுத்துரைத்த வாதம். ஒத்துழைப்பு, நேர்மை, பிறர் நிலையை உணரும் பக்குவம் முதலானவை பெண்மை சார்ந்த மதிப்புகள், அவை ஓங்கினால் தொழிலே தர்ம வழிக்குத் திரும்பும் என்பது அதன் சாரம். இம்மூவரும் பெண்களின் சம்பளக் குறைவை இடைவிடாது எதிர்த்தவர்கள். அவர்களுடைய நோக்கத்தில் களங்கமில்லை. ஆண்களும் அம்மதிப்புகளைக் கைக்கொள்ளலாம் என்றே அவர்கள் சொன்னார்கள். இருந்தும் என்ன? நேர்மையைப் பெண்மை என்று ஒரு பக்கம் எழுதிவிட்டால், லக்கி ஸ்டிரைக்கின் தந்தியைப் போன்ற காரியங்களுக்கு ஆண்மை என்ற மன்னிப்பு மறுபக்கம் தயாராகிவிடுகிறது. பொய் சொன்னவனைக் கண்டிக்க வேண்டிய இடத்தில், பொய் சொல்லாதவளை நியமித்து அவள் தலையில் ஸ்தாபனத்தின் மனசாட்சியையும் சேர்த்து ஏற்றிவிடுகிறார்கள், அதற்கும் தனிச் சம்பளம் கிடையாது. நான் சற்று மிகைப்படுத்துகிறேன் என்று சொன்னால் ஒப்புக்கொள்வேன். ஆனால் அன்று மேடையில் நின்ற அந்தத் தலைவர் அம்மூவரையும் படித்தவரல்லர். படித்திருந்தால் தம் உரைக்கு இன்னும் மூன்று மேற்கோள்கள் கிடைத்ததென்று மகிழ்ந்திருப்பார்.

சில வருஷங்களுக்கு முன், உறவினர் ஒருவருக்குச் சாப்பாட்டுக் கேரியர் எடுத்துக்கொண்டு ஓர் ஆஸ்பத்திரிக்குப் போனேன். ஆபரேஷனுக்குப் பின் யாரோ இறந்துவிட்டதாகச் சொல்லி வாசலில் உறவினர் கூட்டம். டெலிவிஷன்காரர்களின் மைக்குகள் ஐந்தாறு. நான் முன்பே சொன்ன அந்த மேஜைப் பெண் வெயிலில் நின்றுகொண்டிருந்தார். கையில் ஒரு தாள். அதில் நான்கு வரி. எந்த டாக்டர் ஆபரேஷன் செய்தார், என்ன நேர்ந்தது என்று கேட்ட ஒவ்வொருவருக்கும் அவர் அந்த நான்கு வரியையே, குரல் கொஞ்சமும் உயராமல், திரும்பப் படித்தார். ஒரு செருப்பின் வார் அறுந்திருந்ததால் அந்தக் காலை நகர்த்தாமலே நின்றார். மேல்மாடியில் டைரக்டர்களும் வக்கீலும் ஆலோசனையில் இருந்தார்களாம். என்ன ஆலோசித்தார்கள் என்று அவருக்குச் சொல்லப்படவில்லை. ‘நீ போய்ப் பேசிச் சமாளி’ என்பது ஒன்றே உத்தரவு என்று, கூட்டம் கலைந்த பிறகு, காவலாளிக்கு அவர் சொன்னது என் காதில் விழுந்தது. இறந்தவரின் தாய் அவர் தோளில் சாய்ந்து அழுததையும், அப்போது அவர் அந்தத் தாளை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டதையும் பார்த்தேன். இதற்குப் பெயர் சுபாவம் என்றால், அந்த வக்கீல் அன்று வாங்கிய கட்டணத்தையும் அவருடைய சுபாவத்தின் பொருட்டு ரத்து செய்திருக்கலாம்.

விருது விழா முடிந்து கூடம் காலியானபோது அந்தப் பெண்மணி மீந்துபோன பத்திரிகைப் பைகளை எண்ணி அட்டைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தார். அருகில் போய், “அந்த உரை நீங்கள் எழுதியதுதானே, அம்மா?” என்று கேட்டேன். அவர் நிமிர்ந்து பார்த்து, “ஐயோ, அது எங்கள் எம்.டி.யுடைய உரை, சார்” என்றார், பிறகு, நான் எந்தப் பத்திரிகை என்று விசாரித்து, ஒரு பையை எடுத்துக் கொடுத்தார். மறுநாள் காலையில் நான் பார்த்த மூன்று பத்திரிகைகளில் அந்த விழாவின் செய்தி வந்திருந்தது. மூன்றிலும் முதல் பத்தி பையில் இருந்த தாளின் முதல் பத்திதான், எழுத்துக்கு எழுத்து.